கையிலிருந்து கருவிக்கு மாறும் விநாடிகள்

இதயம் நின்றுபோன ஒருவரின் நெஞ்சை அழுத்த ஒரு கருவியைப் பொருத்துகிறோம். கருவி களைப்படையாது. அதன் வேகம் மாறாது, ஆழம் குறையாது. ஆனால் அதைப் பொருத்துவதற்காக மனிதக் கைகள் சற்று விலகியே ஆகவேண்டும். நன்றாகப் பழகிய குழுவில் அந்த விலகல் 7 அல்லது 8 விநாடி. பழகாத குழுவில் அரை நிமிடத்தைச் சாதாரணமாகத் தாண்டும். இந்த அத்தியாயம் அந்த இடைவெளியைப் பற்றியது மட்டுமே.

அவசரப் பிரிவு, ஐசியூ, கேத் லேப், ஆம்புலன்ஸ் ஆகிய இடங்களில் வேலை பார்க்கும் செவிலியர்கள், டெக்னீஷியன்கள், இளம் மருத்துவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். கையால் அழுத்தும் முறை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்: நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-ஐத் தாண்டாமல், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழும்படி, 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறி. எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் 10 விநாடிக்குள் மீண்டும் தொடங்க வேண்டும். இந்த 10 விநாடி வரம்பு கருவிக்கும் சேர்த்துத்தான். கருவி வந்துவிட்டது என்பதற்காக எந்த வழிகாட்டு நெறியும் யாருக்கும் கூடுதல் அவகாசம் தரவில்லை.

நிறுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது

நின்றுபோன இதயத்தின் தசைக்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் நாம் அழுத்தும் கணத்தில் கிடையாது. கையைத் தளர்த்தும் கணத்தில்தான் கிடைக்கிறது. அப்போது மகாதமனியில் உள்ள அழுத்தம், வலது மேலறையில் உள்ள அழுத்தத்தைவிட எவ்வளவு அதிகமோ, அந்த வித்தியாசமே கொரோனரி நாளங்களுக்குள் ரத்தத்தைத் தள்ளுகிறது. 1990-இல் நார்மன் பாரடிஸும் அவருடைய குழுவும் 100 நோயாளிகளிடம் இதை நேரடியாக அளந்தார்கள். அந்த வித்தியாசம் 15 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டாத ஒருவருக்குக்கூட இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கவில்லை.

கிராமத்து அடிகுழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் வரும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் குழாயில் ஏறிய தண்ணீர் இறங்கிவிடும். மறுபடி அடிக்கும்போது முதல் சில அடி வெறும் அடியாகவே போகும். கைகள் விலகிய சில விநாடிகளிலேயே மகாதமனி அழுத்தம் சரிகிறது. திரும்பத் தொடங்கியதும் உடனே பழைய நிலைக்கு வருவதில்லை. பல அழுத்தங்கள் தொடர்ந்து விழுந்த பிறகே மெல்ல ஏறுகிறது. ஆகவே 20 விநாடி நிறுத்தினால் இழப்பு 20 விநாடியோடு முடிவதில்லை. நிமிடத்துக்கு 102 என்று இயங்கும் கருவிக் கணக்கில் அந்த 20 விநாடியில் 34 அழுத்தங்கள் போகின்றன. பிறகு அழுத்தத்தை மறுபடி கட்டியெழுப்பவும் சில செலவாகின்றன.

ஷாக்குக்குச் சற்று முன்னால் வரும் இடைவெளி இன்னும் கொடியது. ஷெல்டன் செஸ்கஸ் தலைமையில் வட அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஷாக்குக்கு முந்தைய நிறுத்தம் 5 விநாடி கூடும்போதெல்லாம் நோயாளி பிழைத்து வீடு திரும்பும் வாய்ப்பு விகிதம் 18 சதவீதம் குறைந்தது. கருவியைப் பொருத்தும் இடைவெளியையும் ஷாக்குக்கு முந்தைய இடைவெளியையும் ஒன்றாகச் சேர்த்துவிடும் குழு, இரண்டு ஆபத்துகளையும் ஒரே இடத்தில் குவிக்கிறது. இதைத் தவிர்க்கும் வழியைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கருவி என்ன தரும், என்ன தராது

இந்தக் கருவிகள் இன்று இரண்டு வகையாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஸ்வீடனின் லூந்த் நகரில் உருவான லூக்காஸ், உருளை அச்சு ஒன்றின் முனையில் சக்ஷன் கப்பைப் பொருத்தி நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக அழுத்துகிறது. ஆட்டோபல்ஸ் அகலமான பட்டையொன்றை நெஞ்சைச் சுற்றி இறுக்கித் தளர்த்துகிறது.

இவை கையைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றும் என்ற எதிர்பார்ப்புடன் பெரிய ஆய்வுகள் நடந்தன. ஸ்வீடன், நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 2,589 நோயாளிகளிடம் நடந்த லிங்க் ஆய்வில் (2014) நான்கு மணி நேரம் கழித்து உயிருடன் இருந்தவர்கள் கருவிப் பிரிவில் 23.6 சதவீதம், கைப் பிரிவில் 23.7 சதவீதம். பிரிட்டனில் 4,471 பேரிடம் நடந்த பாராமெடிக் ஆய்வில் (2015) 30 நாள் கழித்து உயிருடன் இருந்தவர்கள் கருவிப் பிரிவில் 6 சதவீதம், கைப் பிரிவில் 7 சதவீதம். அதே ஆய்வில், ஷாக் கொடுக்கக்கூடிய ரிதத்துடன் இருந்த நோயாளிகளிடம் கருவிப் பிரிவின் நிலை சற்று மோசமாகவே இருந்தது. கருவியைப் பொருத்துவதில் முதல் ஷாக் தள்ளிப்போனது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். அதற்கும் முன்னால், 2006-இல் வெளியான ஆஸ்பயர் ஆய்வில் ஆட்டோபல்ஸ் பிரிவில் வீடு திரும்பியவர்கள் 5.8 சதவீதம், கைப் பிரிவில் 9.9 சதவீதம். ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது.

கருவி வேண்டாம் என்பது இதற்குப் பொருளாகாது. களைப்பே இல்லாத ஒரு கருவி, களைத்துப்போகும் மனிதக் கைகளை ஏன் வெல்லவில்லை என்ற கேள்விக்கு முழு விடை பல காரணங்களில் இருக்கலாம். ஆனால் நம் கையில் இருக்கும் காரணம் ஒன்று: பொருத்தும்போது நாம் இழக்கும் நேரம். அதை நாம் மாற்ற முடியும். மாற்றியும் காட்டியிருக்கிறார்கள்.

அலாஸ்காவில் உள்ள ஆங்கரேஜ் நகரத் தீயணைப்புத் துறையின் அவசர மருத்துவக் குழு லூக்காஸ் கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தது. டிஃபிபிரிலேட்டர் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, கருவியின் முதல் அழுத்தத்துக்கு முந்தைய இடைவெளி நடுமதிப்பில் 21 விநாடி என்று தெரிந்தது. அவர்கள் புதுக் கருவி வாங்கவில்லை. பொருத்தும் வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, யார் எங்கே நிற்பது, எதை எப்போது செய்வது என்று வகுத்து, திரும்பத் திரும்பப் பழகினார்கள். இடைவெளி 21 விநாடியிலிருந்து 7 விநாடிக்கு இறங்கியது. மொத்தச் சிகிச்சை நேரத்தில் நெஞ்சு அழுத்தப்பட்ட நேரத்தின் பங்கு 90-இலிருந்து 95 சதவீதம் ஆனது. 2015-இல் வெளியான இந்த அறிக்கையைக் கருவி வைத்திருக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் படிக்க வேண்டும் என்பேன். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு குழு, தன் வேலையை அளந்து பார்த்து இன்னும் நன்றாகச் செய்த கதை அது.

யாருக்குப் பொருத்துவது

எல்லா அரெஸ்டுக்கும் கருவி என்ற வழக்கத்தை அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் இரண்டுமே பரிந்துரைப்பதில்லை. கையால் தரமாக அழுத்த முடியாத அல்லது அழுத்துபவருக்கே ஆபத்தான சூழலில், பழகிய குழு பயன்படுத்தலாம் என்கின்றன. ஓடும் ஆம்புலன்ஸ், மாடிப்படி, லிஃப்ட், கேத் லேப் மேசை, எக்மோவுக்குக் கொண்டுபோகும் வழி, உடல் குளிர்ந்துபோனவருக்கோ ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பெற்றவருக்கோ தேவைப்படும் நீண்ட சிகிச்சை, ஆள் குறைவான இரவுப் பணி ஆகியவை அப்படிப்பட்ட சூழல்கள். மினியாப்பொலிஸில் நடந்த அரெஸ்ட் ஆய்வு (2020) போன்ற முயற்சிகளில் நோயாளியை எக்மோ வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்ததே இத்தகைய கருவியால்தான்.

நெஞ்சின் அளவையும் பார்க்க வேண்டும். லூக்காஸ் ஏற்பது முதுகுக்கும் நெஞ்செலும்புக்கும் இடையே 17 முதல் 30.3 சென்டிமீட்டர் வரை, அகலத்தில் 44.9 சென்டிமீட்டர் வரை. குழந்தைக்கும் மிக மெலிந்தவருக்கும் பொருந்தாது. சந்தேகமாக இருந்தால் பொருத்திப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், கையே தொடரட்டும்.

முதல் 2 நிமிடம் கைக்கு உரியது

அரெஸ்ட் என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் கருவிப் பையை எடுக்க ஓடுவார். ஓடட்டும். மற்ற யாரும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கை உடனே நெஞ்சில், பேட்கள் உடம்பில், முதல் ரிதம் செக், தேவையென்றால் முதல் ஷாக். இவை முடியும் வரை கருவிப் பை திறக்கப்படலாம், கருவி உடம்பைத் தொடக்கூடாது.

பேட்களை ஒட்டும்போதே கருவியை நினைத்து ஒட்டுங்கள். வலப்பக்கப் பேட் காறை எலும்புக்குக் கீழே நன்றாக மேலேறி இருக்கட்டும். இடப்பக்கப் பேட் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். சக்ஷன் கப் உட்காரும் இடத்துக்குள் பேட்டோ ஒயரோ வந்தால் பிறகு பிய்த்து ஒட்டவேண்டி வரும். அதுவும் ஒரு நிறுத்தம்தான். சட்டையைக் கழற்ற முயலாதீர்கள், கத்தரியால் வெட்டுங்கள். கழுத்துச் சங்கிலி, தாலிக்கொடி ஆகியவற்றை நெஞ்சிலிருந்து தோள்பக்கம் ஒதுக்குங்கள்.

வேலையை இரண்டாக உடைப்பது

பழகாத குழு செய்வது இதுதான்: "நிறுத்துங்க, கருவி போடலாம்" என்று ஒருவர் சொல்வார். கை விலகும். நோயாளியைத் தூக்கி, பிளேட்டைச் செருகி, வளைவை மாட்டி, ஒரு பக்கம் மாட்டாமல் போய் மறுபடி மாட்டி, கப்பை இறக்கி, பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் அரை நிமிடம் ஓடிவிடும். அத்தனையும் ஒரே நிறுத்தம்.

பழகிய குழு அதை இரண்டு சின்ன நிறுத்தங்களாக உடைக்கிறது. முதலாவதில் பேக் பிளேட் மட்டும். மீண்டும் கை. இரண்டாவதில் மேல்பகுதியான வளைவு மட்டும். இரண்டுக்கும் நடுவில் நெஞ்சழுத்தம் தொடர்வதால், இறங்கிய அழுத்தம் மறுபடி ஏற நேரம் கிடைக்கிறது.

இதை லூக்காஸ் கருவியையும் நான்கைந்து பேர் கொண்ட குழுவையும் வைத்து விளக்குகிறேன். நோயாளியின் வலப்பக்கம் நெஞ்சை அழுத்துபவர். இடப்பக்கம் அவருக்கு நேரெதிரே கருவியைப் பொருத்துபவர். தலைமாட்டில் ஆம்பு பேக்குடன் ஒருவர். டிஃபிபிரிலேட்டரும் கடிகாரமும் ஒருவரிடம். காலடியில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பவர் குழுத் தலைவர். ஆள் குறைந்தால் தலைவரே கடிகாரத்தையும் பார்க்கலாம். அழுத்துபவரும் பொருத்துபவரும் மட்டும் வேறு எந்த வேலையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் ஆயத்தம். கை அழுத்திக்கொண்டே இருக்கும்போது, பொருத்துபவர் பையைத் தன் பக்கத்தில் திறக்கிறார். கருவியை ஆன் செய்கிறார். பொத்தானை ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால் அது தன்னைத்தானே சோதித்துக்கொண்டு அட்ஜஸ்ட் நிலைக்கு வரும். மேல்பகுதியின் வளையங்களை ஒருமுறை இழுத்து, கால்களின் பூட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார். பேட்டரி விளக்கைப் பார்க்கிறார். இவை அனைத்தும் அழுத்தம் நடக்கும்போதே முடியவேண்டியவை. அட்ஜஸ்ட் நிலையில் 5 நிமிடம் சும்மா விட்டால் கருவி தானாக அணைந்துவிடும் என்பதால், மிக முன்னதாகவும் ஆன் செய்ய வேண்டாம்.

தலைவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: "இன்னும் 15 விநாடியில ரிதம் செக். ஷாக் இல்லைன்னா பிளேட். சிஸ்டர், நீங்க சத்தமா எண்ணுங்க." டிஃபிபிரிலேட்டர் இப்போதே சார்ஜ் ஆகட்டும். 2 நிமிடம் முடிந்ததும் கை விலகுகிறது, எல்லாரும் அசையாமல் 2, 3 விநாடி. தலைவர் மானிட்டரைப் பார்க்கிறார்.

ஷாக் தேவையென்றால், ஷாக் உடனே. அடுத்த கணமே கை நெஞ்சில். பிளேட்டை அந்த இடைவெளியில் தொடாதீர்கள். அது அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கட்டும். ஷாக்கும் பிளேட்டும் ஒரே நிறுத்தத்தில் சேரக்கூடாது என்பதை உங்கள் பிரிவின் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்.

ஷாக் தேவையில்லை என்றால் தலைவர் "பிளேட்" என்கிறார். தலைமாட்டில் இருப்பவர் தலையைத் தாங்குகிறார். அழுத்துபவரும் பொருத்துபவரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து மேலுடம்பைத் தூக்குகிறார்கள். நாலாவது ஆள் பிளேட்டை முதுகுக்குக் கீழே தள்ளுகிறார். அதன் மேல் விளிம்பு அக்குளுக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். மேலே ஏறிப்போனால் கப் கழுத்துப் பக்கம் போகும். கீழே இறங்கினால் வயிற்றுப் பக்கம் வரும். பிளேட் சரியாக உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. எண்ணுபவர் எட்டு என்று சொல்லும்போது பிளேட் இன்னும் உள்ளே போகவில்லையா? விட்டுவிடுங்கள். நோயாளியைக் கிடத்தி அழுத்தத்தைத் தொடங்குங்கள். "இன்னும் ஒரே விநாடி" என்று இழுக்கும் குரலுக்குத் தலைவர் இடம்கொடுக்கக் கூடாது.

இப்போது கையழுத்தம் தொடர்கிறது, பிளேட்டின் மேல். ஆளும் மாறிக்கொள்ளலாம். இந்த நேரத்தில் பொருத்துபவர் நெஞ்செலும்பின் கீழ்முனையை விரலால் தொட்டுக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே ஒரு கோடு போடுகிறார். சாதாரண மார்க்கர் பேனா போதும். கப்பின் கீழ்விளிம்பு அந்தக் கோட்டில்தான் உட்கார வேண்டும். வளைவு மாட்டிய பிறகு இடத்தைத் தேடுவதைவிட, இப்போதே கோடு போட்டுவைப்பது பல விநாடிகளை மிச்சப்படுத்தும்.

அடுத்தது இரண்டாவது நிறுத்தம். அவசரப்படாமல், இயன்றால் ஒரு முழு 2 நிமிடச் சுற்று முடிந்த பிறகு எடுங்கள். பொருத்துபவர் வளைவைத் தூக்கி, தன் பக்கத்துக் காலை பிளேட்டில் மாட்டிவிடுகிறார். அழுத்துபவரின் கை இதுவரை நிற்கவே இல்லை. வளைவு பொருத்துபவரின் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. "மூணு, ரெண்டு, ஒண்ணு, மாத்து." கை விலகுகிறது. வளைவு நெஞ்சின் மேல் சாய்கிறது. எதிர்ப்பக்கக் காலை அழுத்தியவரே பிடித்து பிளேட்டில் பதிக்கிறார். "கிளிக்" என்ற சத்தம் காதில் விழவேண்டும். வளைவை ஒருமுறை மேல்நோக்கி இழுத்துப் பார்க்கிறார்கள், இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிறதா என்று. நோயாளியின் கைகள் இரண்டும் வளைவின் கால்களுக்கு வெளியே இருக்கின்றன. பொருத்துபவர் இரண்டு விரலால் கப்பைக் கீழே இறக்குகிறார். அது நெஞ்சைத் தொட்டால் போதும், அமுக்கக் கூடாது. கீழ்விளிம்பு கோட்டில் இருக்கிறதா என்று அழுத்தியவர் பார்த்து "சரி" என்கிறார். பாஸ் பொத்தான், தொடக்க நிலை பூட்டிக்கொள்கிறது. ஆக்டிவ் பொத்தான். கருவி இயங்குகிறது.

எழுதும்போது நீளமாகத் தெரிகிறது. பழகிய நான்கு கைகளுக்கு இது 7, 8 விநாடி வேலைதான்.

வளைவு கோணலாக உட்கார்ந்துவிட்டால்? சற்றே விலகல் என்றால் கால்களைப் பிடித்து நகர்த்தி, கப்பை மறுபடி இறக்கலாம். கிளிக் கேட்கவில்லை, அல்லது எண்ணிக்கை பத்தை நெருங்குகிறது என்றால் மாட்டிய காலை விடுவிக்காமலேயே வளைவைப் பழையபடி பொருத்துபவர் பக்கம் சாய்த்துவிடுங்கள். கை உடனே நெஞ்சுக்குத் திரும்பட்டும். அடுத்த சுற்றில் மறுபடி முயலலாம்.

எண்டோட்ராக்கியல் குழாய் போன்ற காற்றுவழி ஏற்பாடு இல்லாதபோது கருவியை 30-க்கு 2 என்ற முறையில் ஓட்டுங்கள். 30 அழுத்தம் முடிந்ததும் அது தானாக நின்று இரண்டு மூச்சுக்கு இடம் தரும். குழாய் போட்ட பிறகு தொடர் முறைக்கு மாற்றி, 6 விநாடிக்கு ஒரு மூச்சு.

கழுத்துக்குப் பின்னால் போடும் பட்டையையும் மணிக்கட்டுப் பட்டைகளையும் கருவி ஓடத் தொடங்கிய பிறகு மாட்டுங்கள். இவற்றுக்காகக் கருவியை நிறுத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பட்டைக் கருவியில்

ஆட்டோபல்ஸில் இந்த இரண்டு துண்டு முறை அப்படியே பொருந்தாது. நோயாளியின் மேலுடம்பு முழுவதும் ஒரு பலகையின் மேல் வரவேண்டும். பலகையில் உள்ள மஞ்சள் கோட்டுக்கு நேராக அக்குள் வரவேண்டும். ஆகவே முதல் நிறுத்தம் பலகைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் இரு முனைகளும் முறுக்கில்லாமல் இரு பக்கமும் வெளியே கிடக்கட்டும். இரண்டாவது நிறுத்தத்தில் பட்டையை நெஞ்சின் மேல் சேர்த்து மூடி, தொடக்கப் பொத்தானை அழுத்தினால், கருவி தானே தளர்வை இழுத்து, நெஞ்சின் அளவை எடுத்துக்கொண்டு இயங்கத் தொடங்கும். அளவெடுக்கும் அந்த நேரத்தில் யாரும் நோயாளியைத் தொடவோ பட்டையைச் சரிசெய்யவோ கூடாது. தொட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும். வேகம் நிமிடத்துக்கு 80 என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அந்தக் கருவியின் அமைப்பே அப்படி.

ஓடத் தொடங்கிய பிறகு

முதல் ஐந்தாறு அழுத்தங்களை அழுத்தியவர் விட்டு விலகாமல் பார்க்க வேண்டும். கப் கோட்டில் இருக்கிறதா? நெஞ்சு நேராக இறங்குகிறதா, பக்கவாட்டில் சரிகிறதா? கப் கீழே இறங்கினால் அழுத்தம் வயிற்றின் மேல்பகுதியில் விழும். கல்லீரல் காயப்படும், இதயத்துக்கும் எதுவும் போய்ச்சேராது. கருவி சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருப்பதால் எல்லாம் சரியாக நடக்கிறது என்ற எண்ணம் அறையில் பரவிவிடும். அந்த எண்ணத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன். நோயாளியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு ஷாக்குக்குப் பிறகும், கோட்டையும் கப்பையும் பாருங்கள்.

மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அளவை மானிட்டரில் பார்க்கும் வசதி இருந்தால், கருவி மாட்டுவதற்கு முன் இருந்த எண்ணையும் மாட்டிய பின் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். எண் சட்டென்று விழுந்தால் முதலில் கப்பின் இடத்தைச் சந்தேகியுங்கள். எண் சட்டென்று உயர்ந்து அப்படியே நின்றால் இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கலாம். நாடி பார்ப்பதற்காகக் கருவியை அடிக்கடி நிறுத்தும் பழக்கம் இதனால் குறையும்.

ஷாக் கொடுக்கக் கருவியை நிறுத்தத் தேவையில்லை. ரிதம் பார்க்க மட்டும் நிறுத்தவேண்டும், ஓடும்போது மானிட்டரில் தெரிவது பெரும்பாலும் கருவியின் அசைவுதான். 2 நிமிடத்துக்கு ஒருமுறை, பாஸ், பார், ஆக்டிவ். குழாய் போடுவதையும் கருவி ஓடும்போதே முயலுங்கள். கை களைப்பது நின்றுவிட்டதால் நிறுத்தங்கள் தானாகக் குறைந்துவிடும் என்று நம்பி விட்டால், நிறுத்தங்கள் வேறு பெயர்களில் திரும்பி வரும்.

முன்கூட்டியே தெரிந்தால்

ஆம்புலன்ஸிலிருந்து "அரெஸ்ட் கேஸ் வருது" என்று தகவல் வந்துவிட்டால், பேக் பிளேட்டை அவசரப் பிரிவுப் படுக்கையில் அக்குள் வரும் இடத்தில் முன்பே போட்டு வையுங்கள். ஸ்ட்ரெச்சரிலிருந்து படுக்கைக்கு மாற்றும் அந்தத் தூக்கலிலேயே நோயாளி பிளேட்டின் மேல் வந்துவிடுவார். ஒரு நிறுத்தம் முழுதாக மிச்சம். கேத் லேபிலும் இப்படிச் செய்யலாம்: நிலைமை மோசமாக உள்ள நோயாளியை மேசையில் கிடத்தும்போதே பிளேட்டும் அடியில் இருக்கட்டும்.

ஆம்புலன்ஸில் வண்டி நகர்வதற்கு முன்பே பொருத்துங்கள். இரண்டே பேர் இருந்தால், பிளேட்டைச் செருக மூன்றாவது ஆளாக டிரைவரையோ அங்கிருக்கும் திடமான ஒருவரையோ அழைத்து, "நான் சொல்லும்போது தோளைத் தூக்குங்க, வேற எதுவும் செய்ய வேண்டாம்" என்று ஒரே வேலை கொடுங்கள்.

அளந்து பார்ப்பது

இடைவெளியின் நீளத்தை உங்கள் உணர்வால் மதிப்பிடாதீர்கள். கை வேலையில் இருக்கும்போது 20 விநாடி எட்டு விநாடிபோல் போகும். டிஃபிபிரிலேட்டர்களில் பல, பேட்களின் வழியாக நெஞ்சின் மின்தடை மாற்றத்தைப் பதிவு செய்கின்றன. அந்த வரைபடத்தில் அழுத்தங்கள் அலைகளாகவும் நிறுத்தங்கள் தட்டைக் கோடுகளாகவும் தெரியும். கடைசிக் கையழுத்தத்திலிருந்து அடுத்த அழுத்தம் வரை எண்ணுங்கள். பிளேட் நிறுத்தம் தனியாக, வளைவு நிறுத்தம் தனியாக. பதிவெடுக்கும் வசதி இல்லாத இடத்தில், பயிற்சியின்போது ஒருவர் மொபைலில் வீடியோ எடுத்தால் போதும்.

பயிற்சியை முழு அரெஸ்ட் ஒத்திகையாக நடத்த நேரம் கிடைக்காது. தேவையும் இல்லை. மேனிக்கினைத் தரையில் கிடத்தி, பிளேட், வளைவு இரண்டை மட்டும் ஒரு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நான்கைந்து முறை செய்துபார்க்கலாம். ஒவ்வொருவரும் எல்லா இடத்திலும் நின்று பழக வேண்டும். உண்மையான அரெஸ்ட் வரும் நாளில் வழக்கமாகப் பொருத்துபவர் விடுப்பில் இருக்கலாம். வீடியோவைச் சேர்ந்து பார்க்கும்போது யாருடைய தவறு என்று தேடாதீர்கள். எந்த விநாடி எங்கே போனது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அது எதிர்ப்பக்கக் காலை மாட்டும் இடத்திலும் பொத்தானைத் தேடும் இடத்திலும் போயிருக்கும்.

திரும்பக் கைக்கு

பேட்டரி தீர்ந்தாலோ கருவி சிக்கினாலோ அறையில் எல்லாரும் கருவியைச் சரிசெய்யத்தான் முதலில் குனிவார்கள். அதற்காகவே ஓர் ஆளை முன்பே குறித்து வையுங்கள்: கருவி எப்போது நின்றாலும் அவர் வளையங்களை இழுத்து வளைவைக் கழற்றி, கையை நெஞ்சில் வைக்க வேண்டும். காரணத்தை மற்றவர்கள் பார்க்கட்டும். பிளேட் அடியிலேயே இருக்கட்டும், அது கையழுத்தத்துக்குத் தடையில்லை. ஒரு பேட்டரி ஏறத்தாழ 45 நிமிடம் தாங்கும். நீண்ட பயணம் என்றால் மாற்றுப் பேட்டரி பையில் இருக்கவேண்டும், மாற்றும் நேரத்தைத் தலைவர் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியதும் கருவியைக் கழற்றி மடித்துவைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். கழற்றாதீர்கள். பாஸ் நிலையில் அப்படியே விடுங்கள். மீண்டும் நின்றுபோகும் ஆபத்து முதல் சில மணி நேரத்தில், அதிலும் ஸ்ட்ரெச்சர் நகரும்போது அதிகம். ஐசியூவில் படுக்கை மாற்றி, ரத்த அழுத்தம் நிலைத்த பிறகு வளைவைக் கழற்றலாம். பிளேட்டை அதன் பின்னும் சற்று நேரம் விட்டுவைக்கலாம். நெஞ்சில் போட்ட மார்க்கர் கோட்டை மட்டும் அவசரமாகத் துடைக்க வேண்டாம்.